கல் நடாத காடு

காட்பாடியில் ரயில் ஏறும்போதே பிள்ளைகள் சினிமாவைத் தொடங்கிவிட்டார்கள். போகிற இடம் கோலார் தங்கவயல்; கே.ஜி.எஃப். என்றால் அவர்களுக்கு 2018-இல் வந்த கன்னடப் படம். தாடிக்காரக் கதாநாயகன், சுத்தியல், புழுதி, தீ. நான்கைந்து பேர் 2024-இல் வந்த ‘தங்கலான்’ பார்த்திருந்தார்கள். “அங்க இப்பவும் தங்கம் இருக்குமா சார்?” என்று ஒருவன் கேட்டான். பதில் சொல்வதற்குள் ஆம்பூர் வந்துவிட்டது. தோல் ஷாப் வாடைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

22 மாணவர்கள், 6 நாள். கல்லூரியின் நலப்பணி மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் என்ற முறையில் கூடப் போனேன். மண்வெட்டி, கடப்பாரை, கையுறை, இரண்டு டப்பா பெயிண்ட், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கைக்கு அடியில். என் பையில் மட்டும் ஒரு நீளக் கோட்டு நோட்டு. அது எதற்கு என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது.

வாணியம்பாடி வரை பாலாறு பக்கத்திலேயே வந்தது. ஆறு என்பது மரியாதைக்காக; பார்க்க மணலும் சீமைக் கருவேலமும்தான். இந்த ஆறு நாங்கள் போகிற திசையிலிருந்துதான் வருகிறது. பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்றுத் தண்ணீரைத்தான் சுரங்க நகரம் குடித்தது. தண்ணீர் கிழக்கே இறங்கி வந்தது என்றால், ஆட்கள் மேற்கே ஏறிப் போனார்கள். அன்றைய வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரியில் பிறந்தவர்கள். நிலம் இல்லாதவர்கள். பஞ்சம் துரத்தியவர்கள். நிலம் இருந்தவனிடம் அடிமைப்பட்டிருக்க மனமில்லாதவர்கள்.

என் பாட்டியின் தாய்மாமன் ஒருவர் அப்படிப் போனவர். எந்த வருஷம் போனார், எப்போது செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு முன்னோருக்குப் படைக்கும்போது பாட்டி அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுவாள். “கோலாருக்குப் போனவரு” என்பதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

ஜோலார்பேட்டை தாண்டி, குப்பத்தில் ஆந்திரத்தைத் தொட்டு, பங்காருப்பேட்டையில் கர்நாடகத்தில் இறங்கினோம். மூன்று மாநிலத்தைக் கடந்தும் பிளாட்பாரத்தில் கேட்டது எங்கள் ஊர்த் தமிழ்தான். அங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு ஒரு கிளைப்பாதை; 1894-இல் சுரங்கத்துக்காகவே போட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரும் ஸ்டேஷன் பெயர்களில் பாதி ஊர்ப்பெயர், பாதி கம்பெனிப் பெயர்.

*

இந்தப் பயணத்துக்கு விதை வேறொரு கண்டத்தில் விழுந்தது. ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ 100 நாட்களில் 8 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். வழக்குகள் குவிந்தபோது அந்த நாடு ‘கச்சாச்சா’ என்ற பழைய ஊர்ப் பஞ்சாயத்து முறையைத் தூசி தட்டி எடுத்தது. அவர்கள் மொழியில் அந்தச் சொல் புல்லைக் குறிக்கும். நம் ஊர் ஆலமரத்தடி போல, அங்கே புல்தரை. கொன்றவனும் பறிகொடுத்தவளும் ஒரே புல்லில் உட்கார வேண்டும். 2002 முதல் 2012 வரை அது நடந்தது. குறைகளும் நிறையவே இருந்தன. அந்த நாட்டுக்கு வெளிநாட்டு மாணவர்கள் சேவைப் பயணம் போகிறார்கள். நினைவிடங்களைப் பார்த்து, உயிர்பிழைத்தவர்கள் சொல்வதைக் கேட்டு, ஊர்ப் பணியில் கைகொடுத்துத் திரும்புகிறார்கள். படித்ததும் எனக்கு ஆசை வந்தது. நம் பிள்ளைகளையும் ஒரு காயத்தின் அருகே கூட்டிப்போக வேண்டும். ருவாண்டா வரை போக வேண்டியதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கவயலில் நடந்தது இனப்படுகொலை அல்ல. அந்தச் சொல்லை இங்கே இழுத்து வந்தால் இரண்டு இடத்துக்கும் துரோகம். ஆனால் எங்கள் 22 பேரில் ஒருத்திக்கு அந்தச் சொல் வீட்டுப் பேச்சு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்த பெண். தாத்தா பாட்டி 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். முகாமை விட்டு ஐந்து இரவு வெளியே தங்குவதால் அவள் மட்டும் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார்கள்.

*

ஊரைத் தொலைவிலிருந்து பார்த்தபோது பிள்ளைகள் மலை என்று நினைத்தார்கள். மலை அல்ல. பாறையை மாவாக இடித்து, சயனைடு கலந்து தங்கத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சிய மண். நூற்றுச் சொச்சம் வருஷம் கொட்டிக்கொட்டி 13 குன்றுகளாகிவிட்டது. மூன்று கோடி டன்னுக்கு மேல். ஊரில் ‘சைனைட் டம்ப்’ என்கிறார்கள். தலையில் மேசைபோலத் தட்டை. மழைநீர் இறங்கிய தடங்கள் சேலை மடிப்புப்போல. அழகாகத்தான் இருக்கிறது, படமெடுக்க வருபவர்களைக் குறை சொல்ல முடியாது. காற்று எழும்பும் மாதங்களில் அந்த அழகு வீட்டுக்குள் வந்துவிடும். சோற்றுப்பானையை மூடி வைத்தாலும் பல்லில் நறநறக்கும் என்றார்கள்.

குன்றுக்கு ஒருபுறம் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கிய பகுதி. மறுபுறம் தொழிலாளர் லைன். ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒற்றை அறை, முன்னால் இழுத்துக் கட்டிய சின்னத் தாழ்வாரம். அந்தக் காலத்தில் மூங்கில் தட்டியால் கட்டிய குடிசைகள். காலம் போகப்போக ஓடும் தகரமும் வந்தன.

முதல் நாள் வேலையை நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்: ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வது. புதர் மண்டிக் கிடந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள், அவர்கள் மனைவிகள், ஒரு வயது தாண்டாத குழந்தைகள். பாசியைத் தேய்க்கத் தேய்க்கக் கல்லிலிருந்து எழுத்து எழுந்து வந்தது. பிள்ளைகள் உரக்க வாசித்தார்கள். பெயர், பிறந்த ஊர், வயது, எப்படிச் செத்தார் என்பதுகூட. எனக்குப் பெருமையாக இருந்தது. ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சுள்ளி பொறுக்க வந்த பாட்டி ஒருத்தி சற்று நேரம் நின்று பார்த்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

“வெள்ளக்காரன் கல்லக் கழுவுறீங்க. கழுவுங்க கண்ணு, அவனும் செத்தவன்தான். அப்டியே எங்க காட்டுப் பக்கமும் ஒரு வாட்டி வாங்களேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

*

எங்கள் பக்கத்தில் சுடுகாடு, இடுகாடு எல்லாவற்றுக்கும் ‘காடு’ என்றே பெயர். மறுநாள் காலை பாட்டி சொன்ன காட்டுக்குப் போனோம். வழிகாட்ட ஒரு பெரியவர் வந்தார், முப்பது வருஷம் டிரில்லராக வேலை பார்த்தவர். நூறடிக்கு ஒருமுறை நின்றார். மூச்சு வாங்குவதை மறைக்க ஒவ்வொரு முறையும் எதையாவது கைகாட்டிக் கதை சொன்னார். அவர் நின்ற இடங்களை வைத்துத்தான் தங்கவயலின் வரலாற்றை நான் கற்றேன்.

முதல் நிறுத்தத்தில், சுரங்கத்துக்குள் இறங்கும் ஒரு ஷாஃப்ட். மேலே சக்கரம் துருப்பிடித்து நிற்கிறது. திப்பு வீழ்ந்த பிறகு 1802-இல் எல்லை அளக்க வந்த ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், உரிகம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதையும் மாரிக்குப்பத்தில் குழிக்குள் ஆட்கள் இறங்குவதையும் பார்த்து எழுதிவைத்தார். 1870களில் மைக்கேல் லவெல் என்ற முன்னாள் சிப்பாய் உரிமம் வாங்கினார். 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. ‘வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தங்கம்’ என்று சொல்லப்படுவது, ஏற்கெனவே குழியில் நின்றவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு மின்கம்பம். காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கி.மீ. கம்பி இழுத்து 1902-இல் இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்று உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-இல்தான். “பெங்களூரு இருட்டுல இருக்கும்போது எங்களுக்குக் கரெண்டு. ஆனா யாருக்குன்னு கேளுங்க. மெஷினுக்கும் பங்களாவுக்கும். லைனுக்குச் சிம்னிதான்.”

மூன்றாவது நிறுத்தத்தில் மூச்சு அதிகம் வாங்கியது. உட்கார்ந்துவிட்டார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையைத் தொட்டால் சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடிப்பதை இங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். “பூமிக்கடியில வெடிச்சா லைன்ல பாத்திரம் உருளும். பாத்திரம் உருண்டா பொம்பளைங்க ஷாஃப்டுக்கு ஓடுவாங்க. கேஜ் மேல வர வரைக்கும் யாரு புருஷன்னு தெரியாது.”

இதே சுரங்கத்தின் ஆழத்தில் டாடா ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் வெளிநாட்டவர்களோடு சேர்ந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். அண்டவெளியிலிருந்து வரும் மற்றத் துகள்களை வடிகட்ட அத்தனை பாறை தேவைப்பட்டது. இயற்பியல் மாணவன் ஒருவன் இதைச் சொன்னபோது பெரியவர் தலையாட்டினார். அவர் அறிந்த துகள் வேறு. துளையிடும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து, அதைக் கல்லாக்கும். 1940களிலேயே இங்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. சட்டம் வந்தது, நஷ்டஈட்டு விதி வந்தது. எக்ஸ்ரே படத்தில் எவ்வளவு நிழல் தெரிந்தால் எவ்வளவு பணம் என்பதில் ஆயுள் முழுக்க இழுபறி. ஒரே சுரங்கத்தில் ஒரு துகளுக்குக் கருவி வைத்துக் காத்திருந்தார்கள். இன்னொன்று தானாகவே பதிவானது.

*

காடு என்று சொன்னது காடாகவே இருந்தது. உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் ஆளுயரத்துக்கு. அங்கங்கே மண்மேடு. சிமென்ட் பூசியவை சில, சிலுவை நட்டவை சில, மிச்சமெல்லாம் வெறும் மேடு. பழைய மேடுகள் தரையோடு தரையாகிவிட்டன. நேற்று கழுவிய கல்லறைகளை நினைத்துக்கொண்டேன். அங்கே எட்டு மாதக் குழந்தைக்கும் கல் இருந்தது.

செங்கம் பக்கம் போனால் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்து நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் வெட்டிய நிலம் அது. ஒரு நாயின் பெயரைக்கூட வெட்டியிருக்கிறார்கள். கோலார்ச் சீமையிலும் வீரக்கற்கள் உண்டு. அந்த நிலத்திலிருந்து கிளம்பி இந்த நிலத்துக்கு வந்து, அரசர்களுக்கும் கம்பெனிகளுக்கும் 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்களின் காட்டில் கல் இல்லை.

மூன்று நாள் புதர் வெட்டினோம். முதல் நாள் நாங்கள் மட்டும். இரண்டாம் நாள் லைனிலிருந்து நாலு பேர் கத்தியோடு வந்தார்கள். மூன்றாம் நாள் கணக்கு வைக்க முடியவில்லை. வந்தவர்கள் மேட்டைத் தேடினார்கள். “இந்த வேம்புக்கு வலது பக்கம் எங்கப்பா.” “பாறைக்குக் கீழ எங்க பெரியண்ணன். ஏர் பிளாஸ்ட்ல போனாரு.” மரமும் பாறையும்தான் அடையாளம். சிலருக்கு அந்த மரமே இல்லை, யாரோ விறகுக்கு வெட்டிவிட்டார்கள். தோராயமாக ஓர் இடத்தில் நின்று கும்பிட்டார்கள்.

முகாம் பெண்தான் என்னிடம் வந்து கேட்டாள்: “சார், அந்த நோட்டு சும்மாதானே இருக்கு?”

ஒரு கல்லில் உட்கார்ந்து பெயர்களை எழுதத் தொடங்கினாள். பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன வேலை, எதனால் இறந்தார், யார் சொன்னது. ஐந்து பத்தி. நான் கற்றுக்கொடுக்காத ஒழுங்கு. மாலையில் கேட்டேன். ஈழத்தில் அப்படி எழுதுகிறார்கள், அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள் என்றாள். அவளுடைய மாமா ஒருவர் வன்னியில் தங்கிவிட்டவர். 2009-க்குப் பிறகு தகவல் இல்லை. “எந்த நாள்னு தெரியாததால, போர் முடிஞ்ச மே 18-ஐத்தான் அவரோட நாளா வச்சிருக்கோம். கஞ்சி காய்ச்சுவாங்க. மாமா பேரை அம்மம்மா ஒரு துண்டுத் தாள்ல எழுதி விளக்குக்கிட்ட வைப்பாங்க.”

இலங்கையில் போருக்குப் பிறகு மாவீரர் துயிலும் இல்லங்களை இராணுவம் இடித்துத் தள்ளியது. கோப்பாயில் கல்லறைகள் இருந்த நிலத்தில் படை முகாம் எழுந்தது. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எழுப்பியிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூணை இடித்தார்கள். மாணவர்கள் வாசலில் பட்டினி கிடந்தார்கள், சில மாதத்தில் தூண் மறுபடி எழுந்தது. இதே காலம் முழுக்க ‘நல்லிணக்கம்’ என்ற சொல்லும் ஓயாமல் புழங்கியது. ஆணைக்குழுவுக்குப் பெயர் நல்லிணக்கம், அலுவலகத்துக்குப் பெயர் நல்லிணக்கம். 2015 பிப்ரவரியில் வடக்கு மாகாண சபை இனப்படுகொலைத் தீர்மானம் நிறைவேற்றியது. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தாய்மார் காணாமலாக்கப்பட்டவர்களின் படங்களோடு தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் மரணச் சான்றிதழையும் இழப்பீட்டையும் வாங்க மறுத்தார்கள். அவர்கள் கேட்டது பிள்ளை எங்கே என்பதை மட்டும்.

புல்தரையை நினைத்தேன். நல்லிணக்கம் ஒரு பந்தி மாதிரி. எதிரெதிரே இரண்டு பேர் உட்கார வேண்டும். ருவாண்டாவில் எதிர் இலையில் ஆள் இருந்தான். ஈழத்தில் எதிர் இலைக்காரர் நான் சாப்பிட வரவில்லை, பரிமாற வந்தேன் என்கிறார். தங்கவயலில் இலையே போடவில்லை. டெய்லர் கம்பெனி 1956-இல் மைசூர் அரசிடம் சுரங்கத்தை விட்டுப் போனது. 1962-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது; 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது; 2001 பிப்ரவரி 28-இல் கதவை மூடியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். யாரும் யாரையும் கொல்லவில்லை. நூற்றிருபது வருஷ ஏட்டை ஒருவர் அடுத்தவர் கையில் கொடுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் ஏட்டையும் காணோம், ஆளையும் காணோம்.

2024-இல் அந்த 13 குன்றுகளிலும் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு கேட்டதற்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மண்ணில் எத்தனை கிராம் ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. காட்டில் எத்தனை பேர் என்ற கணக்குக்குத்தான் எங்கள் நீளக் கோட்டு நோட்டு.

*

இப்படி நான் எனக்குள்ளேயே உருகிக்கொண்டிருந்ததை அன்றிரவு பெரியவர் உடைத்தார். நாங்கள் தங்கியிருந்த கூடத்துக்கு ஒரு பழைய துணிப்பையோடு வந்தார். உள்ளே மஞ்சளேறிய புத்தகங்கள். பதிப்பு: சித்தார்த்த புத்தகசாலை, கோலார் தங்கவயல்.

அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது மாரிக்குப்பம். பகலில் சுரங்கம், இரவில் வாசகசாலை. அவர் நடத்தி, 1914-இல் அவர் மறைந்த பிறகு நின்றுபோன ‘தமிழன்’ இதழை, அவர் வழிவந்த அப்பாதுரையார் 1926-இல் இங்கிருந்துதான் மறுபடி கொண்டுவந்தார். தமிழ்நாடு அயோத்திதாசரை மறந்திருந்த காலத்தில் அவர் நூல்களை அச்சில் வைத்திருந்தது இந்தத் தொழிலாளர் ஊர். 1954-இல் அம்பேத்கரும் இங்கே வந்திருக்கிறார்.

“எங்களப் பத்தி எழுத வந்திருக்கீங்க. நல்லது தம்பி. எங்கப்பன் எழுத்துக் கோத்தவன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்னும் சொன்னார். 1930-இல் தொழிலாளி எல்லோரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. திருடனுக்கு வைப்பதை எங்களுக்கு வைக்கிறாயா என்று ஆயிரக்கணக்கானவர்கள் மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. 1946 நவம்பர் 4-இல் போலீஸ் சுட்டதில் 6 தொழிலாளிகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி உண்டு. சங்கக் கொடியின் கீழ் செத்தவனுக்கு நாள் இருக்கிறது. வேலையில் செத்தவனுக்கும், வேலையால் வீட்டுக்கு வந்து பாயில் இருமி இருமிச் செத்தவனுக்கும்தான் நாள் இல்லை.

ஆக, நாங்கள் இருட்டுக்கு விளக்கு கொண்டுவந்தவர்கள் அல்ல. எரிந்த விளக்கில் எண்ணெய் குறைந்திருக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தவர்கள், அவ்வளவே.

*

ஐந்தாம் நாள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தோம். சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய வேண்டாத பாறை ஊர் முழுக்கக் கிடக்கிறது. கறுப்பும் பச்சையும் கலந்த கனமான கல். கைக்கு அடக்கமானதாகப் பொறுக்கி, மேட்டுக்கு ஒன்றாக வைப்பது என்று ஏற்பாடு.

மாணவன் ஒருவன் நல்ல யோசனை சொன்னான். கல் சின்னது, பெயர் நீளம். கல்லில் எண் மட்டும் எழுதுவோம். நோட்டில் அதே எண்ணுக்கு நேராக விவரம் இருக்கும். தேடுவதும் சுலபம். எனக்கும் சரியென்று பட்டது. அவன் ‘1’ என்று எழுதி, கல்லை வேம்புக்கு வலப்புறம் கொண்டுபோய் வைத்தான்.

முதல் நாள் எங்களை அழைத்த பாட்டிதான் அங்கே நின்றாள். அவள் கணவர் மேடு அது.

“இன்னா கண்ணு இது?”

“நம்பர் பாட்டி. நோட்டுல இவரு ஒண்ணாம் நம்பர்.”

பாட்டி குனிந்து கல்லை எடுத்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“நம்பர் வேணாம். உள்ள இருந்த வரைக்கும் டோக்கன் நம்பர்தான். கூலி வாங்க நம்பரு, ஆஸ்பத்திரிக்கு நம்பரு, கேஜ் மேல வந்தப்பவும் நம்பரச் சொல்லித்தான் கூப்ட்டாங்க. பேரு போடு.”

அவன் பெரிய கல்லாகத் தேடிப் போனான். அன்று மாலை வரை எல்லோரும் பெரிய கல்லாகவே தூக்கினார்கள். கையுறை கிழிந்தது, இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்தது. முகாம் பெண் ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசித்துச் சரிபார்த்த பிறகே அடுத்த கல்லுக்குப் போக விட்டாள். அவள் மாமாவின் பெயரையும் எழுதலாமா என்று நான் கேட்டபோது வேண்டாம் என்றாள். “அவர் இங்க இல்லையே சார்.”

லைனிலிருந்து வந்த பள்ளிப் பையன் ஒருவன் தூரிகையை வாங்கிக்கொண்டு தயங்கி நின்றான். தாத்தாவின் பெயர் முனியப்பனோ மாரியப்பனோ, ஏதோ சாமி பெயர்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. படிப்பது கன்னட மீடியம். என் மனதில் 1982 ஓடியது. கோகாக் அறிக்கையை ஒட்டி எழுந்த மொழிப் போராட்டத்தில் இதே ஊரில் துப்பாக்கி வெடித்து உயிர்கள் போயின. அந்தக் கலவரத்தைப் பார்த்த பெரியவர் பக்கத்தில்தான் நின்றார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான்.

“தெரிஞ்ச எழுத்துல எழுதுடா. தாத்தன் பேரு தாத்தன் பேருதான்.”

வட்ட வட்டமான கன்னட எழுத்தில் ஒரு வடார்க்காட்டுக் கிழவனின் பெயர் கல்லில் ஏறியது. எங்களில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. பையன் வாசித்துக் காட்டினான்.

கிளம்புமுன் பெரியவரிடம் என் பாட்டியின் தாய்மாமன் பெயரைச் சொல்லி, கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டேன். சிரித்தார். “அந்தப் பேர்ல மட்டும் இங்க நூறு பேரு கீறாங்க தம்பி.” பிறகு என்ன நினைத்தாரோ, “யாராவது ஒருத்தரு உங்காளுதான், கும்புட்டுட்டுப் போங்க” என்றார். கும்பிட்டேன்.

*

கடைசி நாள் விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். பிளாட்பாரம் நிரம்பியிருந்தது. சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊர் பெங்களூருக்குத்தான் ஷிஃப்ட் போகிறது. போக ஏறத்தாழ 100 கி.மீ., வர அதே அளவு, தினமும். பாதுகாவலர் சீருடையில் சிலர், துணி ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள். அட்டைகளில் படத்துக்குக் கீழே எண் அச்சிட்டிருந்தது. எங்களோடு நோட்டு இல்லை. பெரியவரின் துணிப்பையில் ‘தமிழன்’ காலத்துப் புத்தகங்களோடு வைத்துவிட்டு வந்திருந்தோம். பங்காருப்பேட்டையில் அவர்கள் மேற்கே போனார்கள், நாங்கள் கிழக்கே திரும்பினோம். திரும்பும் வழியில் யாரும் சினிமாவைப் பேசவில்லை என்று எழுத ஆசைதான். பேசினார்கள். குன்றின்மேல் நின்று எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். பிள்ளைகள் அப்படித்தான்.

கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையில் நான் நல்லிணக்கம் என்ற சொல்லை எழுதவில்லை. புதர் அகற்றியது, பெயர் எழுதியது என்று மட்டும் எழுதினேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடியது. பாலத்தில் நின்று பார்த்தேன். அந்த வாரம் பெரியவர் போன் செய்தார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

“காட்டுல எழுத்தெல்லாம் போச்சு தம்பி. மழைக்கு நிக்கல உங்க பெயிண்ட்டு.”

வருத்தமாக இருக்கிறது, அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

“வாங்க, வராம இன்னா. ஆனா அதுக்குன்னு வர வேணாம். நம்ம பசங்களே நோட்டப் பாத்துத் திரும்ப எழுதிட்டாங்க. இந்த வாட்டி ஆயில் பெயிண்ட்டு. நோட்டுல இல்லாதது ஒம்போது பேரு புதுசாச் சேந்திருக்கு. அதுல நாலு கன்னடத்துல.”